‘தகுதியுடையவர்’ என்ற ஒரு சொல் போதும்

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், நர்சிங் என எதில் இடம் கிடைத்தாலும், சேர்க்கைக்குக் கல்லூரி கேட்கும் தாள்களில் மருத்துவத் தகுதிச் சான்றிதழும் இருக்கும். சீட் கிடைத்த பரபரப்பில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். எம்.பி.பி.எஸ். என்றால் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் இருக்கப்போகிறீர்கள். அந்த ஃபைலைப் புரட்டுபவர் நாளை உங்களுக்கு வைவா எடுக்கலாம்.

கேட்டதை மட்டும் கொடுங்கள்

சான்றிதழின் சாரம் ‘படிப்பதற்கு உடல்தகுதி உடையவர்’ என்ற முடிவுதான். கல்லூரி தனிப் படிவம் தராதபோது அந்த வரி, தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். படிவம் தந்தால் அதிலுள்ள கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். பொய் பின்னாளில் சேர்க்கைக்கே வினையாகலாம். கேள்வி எல்லை மீறுவதாகத் தோன்றினால், “இது எதற்கு? யார் பார்ப்பார்கள்?” என்று பணிவாக எழுதிக் கேளுங்கள்.

தடுப்பூசி விவரத்தைத் தயங்காமல் கொடுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசி ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், கல்விக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதைத் தடை செய்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் சிகிச்சை ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து இன்றும் ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

உள்ளே போன பிறகு

சிக்கலான இடம் உங்கள் கல்லூரி மருத்துவமனைதான். ஓ.பி. சீட்டு எழுதுபவர், பார்க்கும் ஹவுஸ் சர்ஜன், லேப் ஊழியர் எல்லாரும் தெரிந்த முகங்கள். மனநலம், மகப்பேறு, பால்வினை நோய் போன்றவற்றுக்கு வெளி மருத்துவரைப் பார்ப்பதில் தவறில்லை. மனம் கனத்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். விடுப்புச் சான்றிதழை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாமல் உரிய ஆசிரியரிடம் உறையில் வைத்துக் கொடுங்கள்.

ஆனால், ரகசியத்தைக் கட்டிக்காத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். வலிப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தாலோ இன்சுலின் போட்டுக்கொண்டாலோ அறைத்தோழர் ஒருவரிடமாவது சொல்லி, அவசர நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்றும் கற்றுக்கொடுங்கள்.

ஊசி குத்தினால்?

வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே பணியிலிருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் தாண்டவே கூடாது. உங்கள் பரிசோதனை முடிவு தெரிய வேண்டியவர்களைத் தாண்டிப் போகாது என்ற உறுதியைக் கேட்டு வாங்குங்கள்.

சீக்கிரமே உங்கள் கையிலும் ஒருவரின் கேஸ் ஷீட் வந்து சேரும். சேர்க்கை மேசையில் உங்கள் ஃபைலைக் கொடுத்தபோது எந்தக் கண்ணியத்தை எதிர்பார்த்தீர்களோ, அதை அந்தக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் கொடுங்கள். அந்தக் கேஸ் ஷீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடாமல் இருப்பதில் தொடங்குங்கள்.