நிறைகுடமும் தீயணைப்பு வண்டியும்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரை அடுத்து வரும் ஊர் திருப்பாச்சூர். அங்கே பள்ளி விட்டுச் சாலையோரம் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் சங்கொலி கேட்கிறது. சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டி ஒன்று விரைந்து வந்து உங்களைக் கடந்து போகிறது. "இன்னும் வேகமாகப் போகக்கூடாதா?" என்று உங்கள் மனம் பதைக்கும். ஆனால் ஓட்டுநரின் கவனமோ தம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரின்மீதே இருக்கும். ஏன்? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

தண்ணீரின் வலிமை

வண்டியில் 4,500 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அதன் எடை நான்கரை டன். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோ நீர் கொதிநிலையை அடைய ஏறத்தாழ 294 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் கொதிநிலையில் உள்ள அதே நீர் முழுவதும் ஆவியாவதற்கு மேலும் 2,260 கிலோஜூல் தேவை. இதுவே நீங்கள் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம். ஆகவே தீயை அணைப்பதில் நீரைவிட நீராவியாதலுக்கே பெரும் பங்கு. நீரைக் கற்றையாகப் பாய்ச்சாமல், பல இடங்களில் தூவலாகத் தெளிப்பதன் காரணமும் இதுதான். சிறு துளிகள் விரைவில் ஆவியாகும். ஆவியாகும்போது நீர் சுமார் 1,700 மடங்கு விரிந்து, தீயைச் சுற்றியுள்ள காற்றையும் விலக்குகிறது.

வண்டி நீர் முழுவதும் ஆவியானால், சுமார் 700 கிலோ உலர்ந்த விறகு எரிந்து வெளியிடும் வெப்பத்தை அது உறிஞ்சிவிடும். இத்தனை வலிமை உள்ள நீர்தான் வழியில் வண்டிக்கே பகையாகவும் மாறுகிறது.

வளைவில் நடப்பது என்ன?

வண்டியின் சக்கரங்களுக்கிடையே அகலம் 1.8 மீட்டர், அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். வளைவில் திரும்பும்போது வண்டியை வெளிப்புறமாகச் சாய்க்கும் திருப்புத்திறன் ஒன்று உண்டாகிறது. வண்டியின் எடை அதை எதிர்க்கிறது. அகலத்தில் பாதியான 0.9-ஐ உயரமான 1.5-ஆல் வகுத்தால் 0.6 கிடைக்கும். அதாவது, பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கைத் தாண்டினால் வண்டி கவிழும்.

50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் திரும்பினால், அந்தப் பங்கு 0.46. ஆபத்தில்லை. வேகத்தை வினாடிக்கு 18 மீட்டராக, அதாவது மணிக்கு 65 கிலோமீட்டராக உயர்த்தினால் அது 0.66 ஆகிவிடுகிறது. வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் வண்டி கவிழ்ந்துவிட்டது!

இது அசையாத சுமைக்குரிய கணக்கு. நீர் அசையும் சுமை. தொட்டி பாதி காலியாக இருந்தால், 0.46 என்ற நிலையிலேயே நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 25 டிகிரி சாய்ந்து, நீர் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. புவியீர்ப்பு மையமும் அப்பக்கம் நகர்கிறது. அலையாக எழுந்த நீர் தொட்டியின் சுவரில் மோதும்போது இன்னொரு தள்ளும் விசையும் சேர்கிறது. ஆகவே கணக்கில் நாம் கண்ட எல்லைக்கு முன்பே வண்டி கவிழக்கூடும்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். முழுதும் நிறைந்த தொட்டியில் நீர் நகர இடமில்லை. பாதி நீருடன் திரும்பி வரும் வண்டிதான் வளைவில் அதிகம் ஏமாற்றும். இதைத் தடுக்கவே தொட்டிக்குள் துளைகளுள்ள தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள். நீர் துளைகள் வழியே மெல்லக் கசிந்து செல்லுமே தவிர, ஒரே அலையாகப் பாய முடியாது. தண்ணீர்க் குடத்தின்மேல் ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டுச் சுமந்து வந்த நம் பாட்டிமார் செய்ததும் இதே தத்துவம்தான்.

ஒரு நிமிடம் எங்கே கிடைக்கும்?

ஐந்து கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 5 நிமிடம். 50 கிலோமீட்டர் வேகமானால் 6 நிமிடம். மிச்சமாவது ஒரே நிமிடம். தீ விரைந்து வளருமாதலால் அந்த ஒரு நிமிடமும் அற்பமல்ல. ஆனால் கவிழ்ந்த வண்டி எந்தத் தீயையும் அணைக்காது. அதில் சென்றவர்களைக் காக்க இன்னொரு வண்டி வரவேண்டியிருக்கும்.

எனவே அந்த நிமிடத்தை ஓட்டுநரிடம் கேட்காமல் நாம்தான் சம்பாதித்துத் தரவேண்டும். தீயைக் கண்டவுடன் 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எரிவது என்ன என்பவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். சங்கொலி கேட்டால் குறுக்கே ஓடாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கனமான வண்டி, ஓட்டுநர் உங்களைக் கண்ட பின்பு நிற்பதற்குச் சுமார் 45 மீட்டர் வேண்டும்.

எண்ணெய்த் தீயும் நீரும்

2025 ஜூலை 13 அன்று அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர் வேகன்கள் எரிந்தன. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. இத்தகைய தீயை வெறும் நீரால் அணைக்க இயலாது. டீசல் நீரைவிட இலேசானது. நீர் அடியில் தங்க, டீசல் அதன்மேல் மிதந்தபடியே எரியும், பரவவும் செய்யும். எனவே எண்ணெய்ப் பரப்பின்மேல் நுரையைப் போர்வைபோல் பரப்பி, காற்றையும் எண்ணெய் ஆவியையும் பிரித்துவிடுகிறார்கள். அருகிலுள்ள தொட்டிகள் சூடேறி வெடிக்காதபடி குளிர்விப்பதற்கு நீர் பயன்படுகிறது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் நீருடன் நுரைக் கரைசலும் மணலும் தேவைப்படுவது இதனால்தான்.

உங்கள் வீட்டு வாணலிக்கும் இதே விதி பொருந்தும். எண்ணெய் தீப்பிடித்தால் ஒரு குவளை நீரைக்கூட ஊற்றாதீர்கள். நீர் சூடான எண்ணெயின் அடியில் சென்று, நொடியில் நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயை வீடெங்கும் வாரி இறைக்கும். கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய தட்டால் வாணலியை மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். மின்சாரத் தீ என்றால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். தீ உங்கள் கைக்கு அடங்காது என்று தோன்றினால் உடனே எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு ஒரே மாதிரியான பாட்டில்களை எடுத்து, ஒன்றில் விளிம்புவரையும் மற்றொன்றில் பாதியளவும் நீர் ஊற்றி மூடுங்கள். இரண்டையும் மேசைமேல் படுக்க வைத்து, சிறிது தள்ளிச் சட்டென்று நிறுத்துங்கள். எது நின்ற பின்பும் முன்னும் பின்னும் ஆடுகிறது? அடுத்த முறை சிவப்பு வண்டி வளைவில் வேகத்தைக் குறைத்தால், "ஏன் இந்தத் தாமதம்?" என்று கேட்பவருக்கு விடை சொல்ல உங்களால் முடியும்.