செல்ஃப் சுத்துது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல கையை எடு!

காலை எட்டேகால் மணி. டிபன் பாக்ஸ் கொக்கியில தொங்குது, பிள்ளை பின்னாடி ஏறி உட்கார்ந்தாச்சு. ஸ்கூட்டர் 'கிர்ர்ர்... கிர்ர்ர்'னு சுத்துதே தவிர, பிடிக்க மாட்டேங்குது. நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. கட்டைவிரலை எடுக்காம செல்ஃபை அழுத்திக்கிட்டே நிப்பே.

நானும் அப்படி நின்னவதான். என் பொண்ணுக்குப் பரீட்சை நாள். விட்டு விட்டு பத்து நிமிஷம் அழுத்தினதுல பேட்டரியும் இறங்கிப் போச்சு, ஆட்டோ பிடிச்சு ஓடினோம். சாயங்காலம் மெக்கானிக் வந்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி என் கையில கொடுத்தார். நுனி கரிப்பிடிச்சு, பெட்ரோல்ல சொதசொதன்னு நனைஞ்சிருந்தது. பனியன் வேஸ்ட்ல துடைச்சு, கொஞ்ச நேரம் காயவிட்டு, திரும்ப மாட்டி உதைச்சார். ரெண்டாவது கிக்குல வண்டி எடுத்துருச்சு. அவ்வளவு சின்ன விஷயம்.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோ. செல்ஃப் வழக்கமான வேகத்துல சுத்தினா பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வேலை செய்யுது. யாராவது வந்து 'பேட்டரி மாத்தணும்'னு சொன்னா உடனே தலையாட்டாதே. பெரும்பாலும் பெட்ரோல், ஸ்பார்க், காத்து இந்த மூணுல ஏதோ ஒண்ணு என்ஜினுக்குச் சரியா போய்ச் சேரலை. இழுத்து இழுத்து, மூச்சு வாங்குற மாதிரி சுத்தினாத்தான் பேட்டரி மேல சந்தேகப்படணும்.

இனி வரிசையா பாரு. சுலபமானது முதல்ல.

1. ஒரு தடவைக்கு அஞ்சு செகண்டுக்கு மேல செல்ஃபை அழுத்தாதே. பத்து செகண்டாவது விட்டுட்டு அடுத்த தடவை. மூணு தடவை முடிஞ்சா கையை எடு. அதுக்கு மேல மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும், உள்ளே பெட்ரோல் தேங்கும். ஒரு கோளாறு மூணு கோளாறா ஆயிடும்.

2. கில் ஸ்விட்ச் இருக்கிற வண்டின்னா, அது ஆஃப்ல இருக்கான்னு பாரு. பார்க்கிங்ல யார் கையாவது பட்டிருக்கும். சைடு ஸ்டாண்டையும் முழுசா மடக்கு. மடக்கலைன்னா சில மாடல்ல செல்ஃபே சுத்தாது. சிலதுல சுத்தும், ஸ்பார்க் மட்டும் வராது.

3. பெட்ரோல் முள்ளை நம்பாதே, அது மாட்டிக்கிட்டு நிக்கும். வண்டியை லேசா ஆட்டு, டேங்க்ல தளும்புற சத்தம் கேக்கணும். இருட்டா இருக்குன்னு தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகள்ல பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். சாவியைப் போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் 'ஙொய்'னு ஒரு சத்தம் வரும், அது பெட்ரோல் பம்ப். அந்தச் சத்தம் இல்லைன்னா ஃப்யூஸைப் பாரு. டேஷ்போர்டுல என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வழக்கத்துக்கு மாறா அணையாம இருந்தா மெக்கானிக்கைக் கூப்பிடு, நீ குடையாதே. இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல டேங்கை வறள விடாதே. அந்த பம்ப் பெட்ரோல்ல மூழ்கி இருந்தாத்தான் சூடாகாம இருக்கும்.

4. பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குதா? ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கலாம். சோக் இருந்தா அதை முதல்ல ஆஃப் பண்ணு. சென்டர் ஸ்டாண்டு போடு, பின் பிரேக்கை இறுக்கிப் பிடி, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கி வெச்சு அஞ்சு செகண்ட் செல்ஃப் கொடு. நிறைய காத்து உள்ளே போய் ஈரம் வெளியேறும். வண்டி பிடிச்ச அடுத்த நொடி முறுக்கை விட்டுடணும், இல்லைன்னா சீறும். சைடு ஸ்டாண்டுலயோ பிள்ளையை உட்கார வெச்சுக்கிட்டோ இதைப் பண்ணினா எனக்குக் கெட்ட கோபம் வரும். பிடிக்கலைன்னா பத்து நிமிஷம் சும்மா விடு. இன்ஜெக்ஷன் வண்டியை வழக்கமா ஸ்டார்ட் பண்ணும்போது முறுக்கவே கூடாது, அது தானா அளந்து ஊத்திக்கும்.

5. நேத்து மழையா? வாட்டர் சர்வீஸ் விட்டியா? ப்ளக் கேப்ல தண்ணி இறங்கியிருக்கும். சாவியை ஆஃப் பண்ணிட்டு, வயரைப் பிடிச்சு இழுக்காம கேப்பைப் பிடிச்சுக் கழட்டி, காஞ்ச துணியால துடைச்சு அழுத்தி மாட்டு. பாதி நாள் இதுலயே சரியாயிடும்.

6. ஒரு புது ப்ளக் வாங்கி சீட்டுக்கு அடியில போட்டு வை. உன் மாடல் நம்பரைச் சொல்லி வாங்கு. என்ஜின் சூட்டுல ப்ளக்கைக் கழட்டாதே, மரை போயிடும். மாட்டும்போது முதல்ல கையாலேயே திருகு, அப்புறம்தான் ஸ்பேனர். ப்ளக்கைக் கையில பிடிச்சு ஸ்பார்க் வருதான்னு பார்க்கிற வேலையை விட்டுடு. ஷாக் அடிக்கும், பக்கத்துல பெட்ரோல் ஆவி இருந்தா தீயும் பிடிக்கும்.

7. வண்டி ரெண்டு மூணு வாரம் மூலையில நின்னுச்சா? மெக்கானிக்கை ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொல்லு, எலி கூடு கட்டியிருக்கும். வயரையும் கடிச்சிருக்கும்.

இப்போ சொல்றதை மட்டும் காதைத் தீட்டிக் கேளு. வண்டி வெள்ளத்துல மூழ்கியிருந்தா சாவியே போடாதே. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்பவும் சென்னையில எத்தனையோ தெருவுல வண்டிங்க முங்கிக் கிடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்'னு ஒரே ஒரு தடவை அழுத்தினாலும் போச்சு. சிலிண்டருக்குள்ள புகுந்த தண்ணி காத்து மாதிரி அமுங்காது. கனெக்டிங் ராடே வளைஞ்சிடலாம். இன்ஷூரன்ஸ்ல என்ஜினுக்குன்னு தனி கவர் எடுக்கலைன்னா, இந்தச் செலவு பெரும்பாலும் உன் தலையிலதான் விழும். தள்ளிக்கிட்டோ வேன்ல ஏத்தியோ கொண்டு போ.

கார் வெச்சிருக்கிறவளுக்கும் ரெண்டு வார்த்தை. டேஷ்போர்டுல சாவி படமோ பூட்டு படமோ மின்னினா, கார் சாவியை அடையாளம் கண்டுக்கலை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாரு. வழக்கத்தைவிட வேகமா, எதுலயும் பிடிப்பே இல்லாம 'விர்ர்'னு சுத்தினா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதுக்கு மேல ஒரு தடவைகூட சாவியைத் திருப்பாதே, வால்வு அடிபடலாம்.

மெக்கானிக்குக்குப் போன் போடும்போது 'அண்ணா, வண்டி ஓடலை'ன்னு மொட்டையா சொல்லாதே. செல்ஃப் நல்லா சுத்துதா, பெட்ரோல் வாடை வருதா, கடைசியா எப்போ, எங்க பெட்ரோல் போட்டே, மழையில நனைஞ்சுதா, இந்த நாலையும் சொல்லு. அவர் சரியான சாமானோட வருவார், உனக்கும் ஒரு நடை மிச்சம். எதை மாத்தினாலும் பழசை உன் கையில கேட்டு வாங்கிப் பாரு.