தேய்ந்த மூட்டு

மாருதி 800 மகிழுந்து 1983 முதல் 2014 வரை அரியானாவில் உற்பத்தி செய்யப்பட்டது. அவ்வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், தண்டின் முனையிலுள்ள பற்சக்கரம் ஒரு பற்சட்டத்தை இடவலமாக நகர்த்தும். அச்சட்டத்தைச் சக்கரத்தோடு இணைப்பது டை ராடு. அதன் முனையில் பந்துக் கிண்ண மூட்டு உண்டு. மனிதரின் தோளில் இருப்பதும் இவ்வகை மூட்டே.

மூட்டின் ரப்பர் உறை கிழிந்தால் தூசியும் நீரும் புகும், பந்து தேயும். பள்ளங்களில் 'டக்டக்' என ஓசை எழும். கவனியாது விட்டால் பந்து கழன்று, சக்கரம் ஓட்டுநருக்குக் கட்டுப்படாமல் போகும்.

கருவிகளில் பழகிய பெரியவர் இதனை வீட்டிலேயே மாற்றலாம். சமதரையில் கைத்தடையிட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியால் உயர்த்திய பின் உறுதியான தாங்கியை வைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை நீட்டுதல் கூடாது. சக்கரம், காட்டர் பின், நட்டு ஆகியவற்றைக் கழற்றியதும் மூட்டைப் பிரிக்கலாம்.

இனிதான் நுட்பம். பழைய முனையைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். பதினான்கு சுற்றுகளில் கழன்றால், புதியதும் பதினான்கு சுற்றுகளே ஏற வேண்டும். பிசகினால் சக்கரம் கோணலாகி டயர் ஒருபுறம் தேயும். காசை மிச்சப்படுத்தப் பழைய பின்னையே செருகுவோரும் உண்டு. ஒருமுறை வளைந்த கம்பி மறுமுறை முறியக்கூடும். எண்ணிப் பொருத்தினாலும், பட்டறையில் வீல் அலைன்மென்ட் பார்த்த பின்னரே நெடுந்தொலைவு செல்லலாம்.

பயிற்சி: சுற்றுகளை எண்ணுவது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.