ஓவியர் வந்தார், பெண்கள் காட்டுக்குள்

கேள்வி: தறியில் அமர்ந்த கீழைநாட்டுப் பெண்ணை ஐரோப்பியர் ஒருவர் வரைந்த பழைய ஓவியத்தின் நகலைப் பார்த்தேன். எங்கள் தீவுப் பெண்களை அப்படி யாராவது வரைந்திருக்கிறார்களா?
– வாசகி, கார் நிக்கோபார்

பதில்: வரையக்கூடியவர் வந்தார். 1858 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ‘நோவாரா’ கப்பல் உங்கள் தீவுக்கு வந்தபோது, யோசப் செல்லெனி என்ற ஓவியரும் அதில் இருந்தார். ஆனால் கப்பலைக் கண்டதும் பெண்களும் குழந்தைகளும் காட்டுக்குள் போய்விட்டார்கள் என்கிறது பயணக் குறிப்பு. கெட்டிக்காரர்கள்!

வரைவதற்கு அருமையான தொழில் பக்கத்திலேயே இருந்தது: சௌரா தீவுப் பானை. களிமண் தெரெசா தீவிலிருந்து படகில் வரும். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரியாக உருட்டி, அடுக்கடுக்காகச் சுற்றிப் பெண்களே வனைவார்கள். அந்தப் பானைக்காகக் கார் நிக்கோபார்க்காரர்கள் கடல் தாண்டி ஓடம் செலுத்தினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஈ. எச். மேன் 1890களில் இதையெல்லாம் எழுதிவைத்தார்.

நீங்கள் பார்த்த வகை ஓவியங்களில் பல, பாரிஸ் ஓவியக்கூடத்தில் கூலிக்கு அமர்ந்த மாடலைப் பார்த்துத் தீட்டியவை. நகையும் தோளும் அச்சாக இருக்கும். வேலை செய்யும் கை சும்மா கிடக்கும். தொழிலை அறிய வேண்டுமானால், மேனின் வறண்ட குறிப்புதான் மேல்.