டெக் அச்சுக்கோப்பில் அரவமின்றி நேரும் பிழைகள்

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முதலாவது, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கம் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அதற்கு 400 ஆண்டுகள் கழித்து, 1978-இல், அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் முதல் வடிவை உருவாக்கினார். கணிப்பொறி நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்கையில், 1977-இல் அவர் கைக்கு வந்த மெய்ப்புத்தாள்களில் எழுத்தழகு குன்றியிருந்தது. அதனைப் பொறாத அவர், நூலை எழுதுவதை ஒருபுறம் வைத்துவிட்டு அச்சுக்கோப்பையே ஆராயப் புகுந்தார். பெயரின் இறுதி எழுத்து கிரேக்க எழுத்தாதலின் ‘டெக்ஸ்’ என்னாது ‘டெக்’ என்று ஒலித்தலே அவர் கருத்துக்கு இயைந்தது. இதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பிய ‘லேடெக்’ என்னும் கட்டளைத் தொகுதியே இன்று பெருவழக்காக உள்ளது.

கணிதச் சமன்பாடுகளுக்கென்று பிறந்த கருவி தமிழ்த்துறைக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். சீறாப்புராணம் போன்றதொரு காப்பியத்தைச் செய்யுள், பதவுரை, அரபுச் சொல் விளக்கம், பாட்டு முதற்குறிப்பு அகராதி ஆகியவற்றுடன் பதிப்பிக்க முனைவோர் இவ்வினாவை எழுப்பார். செய்யுள் எண்ணையும் பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் கையால் திருத்தித் திருத்தி அலுத்தவர்க்கு, அவற்றைத் தானே கணக்கிட்டுத் தரும் இவ்விலவசக் கருவி பெருந்துணையாகும். ஆனால், அதனோடு பழகுவோர் முதல் நாளிலேயே பிழைச்செய்திகளைக் கண்டு மருண்டு விலகுகின்றனர். அச்செய்திகளைப் படிக்கும் முறையையும், செய்தியே இன்றி நேரும் பிழைகளைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரையில் நோக்குவோம். பின்னதே நம் பதிப்புகளுக்கு இன்றியமையாதது என்பது நம் துணிபு.

பேசும் பிழைகள்

டெக் தனக்கு விளங்காத இடத்தில் நின்று, வியப்புக்குறியுடன் ஒரு வரியை அறிவிக்கும். அதனை அடுத்து மூலக்கோப்பின் வரி எண்ணைக் காட்டும். அவ்வரியை அது வாசித்த இடம் வரை மேலேயும், வாசியாத எஞ்சிய பகுதியைக் கீழேயும் பிரித்து எழுதும். முறிந்த அந்த இடத்தை நோக்கினாலே பாதி நோய் புலனாகிவிடும். ‘அன்டிஃபைண்டு கன்ட்ரோல் சீக்வன்ஸ்’ என்று வருமாயின், பின்சாய்கோட்டை அடுத்து நாம் எழுதிய கட்டளை அதற்குத் தெரியாத ஒன்று என்பது பொருள். கட்டளையில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது அக்கட்டளைக்குரிய துணைத்தொகுப்பை அழைக்காது விட்டிருக்கலாம்.

எனினும் டெக் நின்ற இடமே பிழை பிறந்த இடம் என்று கொள்ளுதல் கூடாது. நெளி அடைப்பைத் திறந்தவர் மூட மறந்தால், டெக் அந்த அடைப்பைத் தேடிக்கொண்டே செல்லும். பெரும்பாலான கட்டளைகளில் அத்தேடல் பத்தி முடியும் வரையே நீளும். அங்கே ‘ரன்அவே ஆர்கியுமென்ட்’ என்று அறிவித்து நிற்கும். ஒரே பிழை நூல் முழுவதையும் விழுங்கிவிடாதிருக்கக் கனூத் இட்ட வேலி இது. ஆகவே இச்செய்தி வரும்போது, குறித்த வரியிலிருந்து மேல்நோக்கிச் சென்று மூடாத அடைப்பைத் தேடுதல் வேண்டும்.

நாற்பது பிழைகள் வந்தனவே என்று அஞ்சுவோர் முதற்பிழையை மட்டும் திருத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பாராக. முதற்பிழையிலிருந்து மீள்வதற்கு டெக் தானே எதையோ ஊகித்துக் கொள்கிறது. அவ்வூகம் தவறும்போது பின்வருவன எல்லாம் பிழையாகத் தோன்றுகின்றன. ஒரே பத்தியில் 100 பிழைகள் சேர்ந்துவிட்டால் அதுவே பணியை நிறுத்திக்கொள்ளும். ஒவ்வொரு பிழைக்கும் நுழைவு விசையைத் தட்டிக்கொண்டே போய், இறுதியில் ஏதோ ஒரு கோப்பு கிடைத்ததென்று மகிழும் வழக்கத்தை நாம் ஒப்பவில்லை.

மாணவரை மிகவும் குழப்பும் இன்னொரு நிலையும் உண்டு. பிழையைத் திருத்திய பின்னும் அதே செய்தி மீண்டும் வரும். காட்டும் வரியோ நாம் எழுதியதாக இராது. இயக்கம் இடையில் முறிந்தபோது, பொருளடக்கமும் மேற்கோள் எண்களும் பதியும் துணைக்கோப்பு அரைகுறையாக நின்றுவிட்டதே காரணம். அக்கோப்பை அழித்துவிட்டு இருமுறை இயக்கினால் தெளியும். முதல் இயக்கத்தில் எண்கள் பதிவாகும். இரண்டாவதில் உரிய இடங்களில் அமரும். பக்க எண்ணுக்கு மாறாக இரட்டை வினாக்குறி தோன்றுவதும் பெரும்பாலும் இதனாலேயே.

பேசாப் பிழைகள்

இனி, டெக் வாய் திறவாத இடங்களுக்கு வருவோம். விழுக்காட்டுக் குறியை எடுத்துக்கொள்வோம். டெக்கில் அக்குறிக்குப் பின் அவ்வரியில் உள்ளதெல்லாம் ஆசிரியர் தமக்கென எழுதிக்கொண்ட குறிப்பு, அது அச்சேறாது. ஆண்டறிக்கையில் தேர்ச்சி 98 என எழுதி, அருகே அக்குறியை வாளா இட்டுவிட்டால், அடுத்து வரும் சொற்கள் மறையும். வேறு மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரைகளில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருப்பதுண்டு. அப்போது பத்தியின் எஞ்சிய பகுதி முழுவதும் போய்விடும். வாக்கியம் தற்செயலாகப் பொருந்திவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர்க்கும் ஐயம் எழாது. குறிக்கு முன்னே பின்சாய்கோடு ஒன்று இடுவதே மருந்து.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை, பழைய பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகள் இன்றும் நம்மிடம் வருகின்றன. அவற்றில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் இருக்கும். இது கண்ணுக்கு உடனே தெரிவதால் பெருந்தீங்கில்லை. மாற்றிக்கொண்டு, கிரந்த எழுத்துகளைத் தனியே சரிபார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாததே கொடிது. ‘மௌலவி’ என்னும் சொல்லை மகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து எழுதுதல் முறை. சிலர் ‘மெ’ என எழுதிப் பக்கத்தில் ளகரத்தை இடுகின்றனர். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். ஆனால் அகராதி வரிசையில் பின்னது மெகரச் சொற்களிடையே போய் அமரும், தேடினால் கிட்டாது, வரி முடிவில் வந்தால் ‘மெ’ ஒரு வரியிலும் ‘ளலவி’ அடுத்த வரியிலுமாகப் பிளவுறும். மௌலானா, மௌலூது, மௌத்து என இவ்வெழுத்து நம் வழக்கில் மிகுதியாதலின், கோப்பு முழுவதும் இதனைத் தேடித் திருத்துதல் நம் பதிப்பாளர்க்குத் தனிக்கடமை எனலாம்.

1990-களில் அரபு எழுத்தை டெக்கில் கோக்க, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்துக் கிளவுஸ் லகாலி உருவாக்கிய ‘அராப்டெக்’ உதவிற்று. உரோமன் எழுத்தில் தட்டச்சிட்டால் அது அரபாக வரும். ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட ‘ஸீடெக்’, அதற்குப் பின் வளர்ந்த ‘லுவாடெக்’ ஆகியவை யூனிகோடு எழுத்துகளை நேரே வாசிக்கும். எழுத்துருவை அழைக்கும்போது அது தமிழ் வரிவடிவத்துக்குரியது என்று குறிப்பிட வேண்டும். லுவாடெக்கில் ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் வடிவாக்கியையும் சேர்த்தே குறிப்பிடுதல் நலம். இல்லையேல் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தம் மெய்க்கு முன் நில்லாது பின்னே போய் நிற்கலாம்.

ஆயினும் தமிழ் எழுத்துரு ஒன்றில் அரபு எழுத்துகளும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அண்ணல் நபியின் திருப்பெயரை அடுத்து நாம் எழுதும் ஸலவாத்துத் தொடர் முழுவதற்கும் யூனிகோட்டில் ஒற்றைக் குறி ஒன்று உண்டு. கட்டுரையாளர் ‘ஸல்’ என்று தமிழில் அடைப்புக்குள் எழுதாமல் அக்குறியை இட்டிருந்து, எழுத்துருவில் அது இல்லையெனில், அவ்விடத்தில் வெற்றிடமோ சிறு கட்டமோ தோன்றும். பணி நில்லாது, நூல் முடிந்துவிடும். ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ எனத் தொடங்கும் ஒரு வரி மட்டும் பதிவுக்கோப்பின் ஓரிடத்தில் கிடக்கும். அதனைத் திறந்து பாராதவர், திருப்பெயர் வந்த இடங்களிலெல்லாம் ஸலவாத்து இல்லாத நூலை அச்சுக்கு அனுப்பியவர் ஆவார். அரபுத்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. தமிழின் தனி ஒலிகளுக்கென நம் முன்னோர் அரபு எழுத்தில் புள்ளியும் குறியும் கூட்டி அமைத்த எழுத்துகள் எல்லா அரபு எழுத்துருக்களிலும் இல்லை.

இதனினும் நுண்ணியது திசைப்பிழை. வலமிருந்து இடமாகச் செல்லும் பகுதி இது என்று அறிவியாமல் அரபுத் தொடரைத் தமிழ் வரியில் சேர்த்தால், ஒவ்வொரு சொல்லும் தன்னளவில் செம்மையாக வடிவுற்று, சொற்களின் வரிசை மட்டும் இடமிருந்து வலமாக அமைந்துவிடுவதுண்டு. பிஸ்மியை இவ்வாறு கோத்தால், இறுதிச் சொல்லாகிய ‘ரஹீம்’ வலக்கோடியில், அதாவது வாசிப்பவர் தொடங்கும் இடத்தில் வந்து நிற்கும். அரபு அறியாத அச்சுக்கோப்பாளர்க்கு அது அழகிய அரபு எழுத்தாகவே தோன்றும். பதிவுக்கோப்பும் இதுபற்றி ஒன்றும் உரையாது. திசையை மொழிக்கட்டளையால் தெளிவாக அறிவிப்பதும், அரபு வாசிக்க வல்லார் ஒருவர் பார்ப்பதும் அன்றி இதற்கு வேறு வழியில்லை. அடைப்புக்குறிகள் திரும்பி நிற்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வரி கடந்து ஓடும் சொற்கள்

தமிழில் கோப்போரை நாள்தோறும் வருத்துவது, சொல் ஓரம் கடந்து பக்கவெளிக்குள் நீளுதல். டெக் இதனை ‘ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்’ என்று அறிவித்து, எத்தனை புள்ளி மிகுந்தது என்றும் கூறும். புணர்ந்து நீளும் நம் சொற்களைப் பிரிக்கும் இடம் அறியாமல் அது தவிக்கிறது. மொழி தமிழ் என்று அறிவியாதிருத்தலே பெரும்பாலும் காரணம். ஆங்கிலத்துக்குரிய பிரிப்பு விதிகளில் தமிழ் எழுத்துக்கு இடமேது? தமிழ் என்று அறிவித்தால் தமிழுக்கென அமைந்த பிரிப்பு விதிகள் செயற்படும். பிரிக்கும்போது புள்ளியெழுத்து அடுத்த வரியின் முதலில் வராமை காத்தல் வேண்டும். மெய் மொழிக்கு முதலாகாது என்ற நம் இலக்கணம் வரிக்கும் பொருந்துவதே.

இதற்குப் பின்னும் எஞ்சும் ஓரிரு வரிகளுக்கு ‘எமர்ஜென்சி ஸ்ட்ரெட்ச்’ என்னும் அளவைச் சிறிது கூட்டலாம். நூல் முழுவதற்கும் ‘ஸ்லாப்பி’ என்னும் கட்டளையை இட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஆறுபோல் வெளி விடுவோரும் உளர். அது நோயை மறைத்து முகத்தைக் கெடுப்பது. ‘டிராஃப்ட்’ என்னும் விருப்பத்தை இட்டு இயக்கினால், ஓரம் கடந்த ஒவ்வொரு வரியின் அருகிலும் கருங்கட்டம் ஒன்று தோன்றும். அவற்றை மட்டும் எண்ணித் திருத்துவது எளிது.

ஃபத்ஹா, கஸ்ரா முதலிய குறிகளுடன் வரும் அரபுச் சொல் உயரத்தாலும் தாழ்வாலும் பக்கத்து வரிகளை முட்டும். அப்போது டெக் வழக்கமான வரியிடைவெளியைக் கைவிட்டு வேறோர் அளவைக் கொள்கிறது. ஒரு பக்கத்தில் வரிகள் சீரின்றி நிற்பதன் காரணம் இது. அரபு எழுத்தின் அளவைக் குறைப்பதினும், நூல் முழுவதற்கும் வரியிடைவெளியைச் சற்றுக் கூட்டுதலே தக்கது.

காரணம் எதுவென்றே விளங்காத பிழைகளுக்கு நடுவில் வெட்டும் முறை உண்டு. கோப்பின் நடுவே ஆவண முடிவுக் கட்டளையை இட்டு இயக்கினால், பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும். 64 பக்கக் கோப்பாயின் ஆறு முறை பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு வந்துவிடலாம். பிழை மென்பொருளில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. டெக்கில் பிழை கண்டவர்க்குக் கனூத் பரிசு வழங்கி வந்தார். ஆண்டுதோறும் இரட்டித்துச் சென்ற அத்தொகை 327 டாலர் 68 சென்டில் நிலைபெற்றது. மென்பொருளின் பதிப்பு எண், வட்டத்தின் பை என்னும் மாறிலியை இலக்கம் இலக்கமாக நெருங்குகிறது. அடிப்படை நிரலில் குறை காண்பது அத்துணை அரிது. குறை நம் கோப்பிலோ, பிறர் எழுதிச் சேர்த்த துணைத்தொகுப்பிலோ இருத்தலே இயல்பு.

அச்சுக்கு அனுப்புமுன் செய்ய வேண்டுவன சிலவே. ‘டிரேசிங் லாஸ்ட் கேர்ஸ்’ என்னும் அளவை மூன்றாக வைத்து இயக்குக. 2021 முதல் வெளிவரும் டெக் தொகுப்புகளில் இவ்வாறு செய்தால், இல்லாத எழுத்து ஒவ்வொன்றும் பதிவுக்கோப்பில் ஒளிந்துகொள்ளாது வெளிப்படையான பிழையாகவே அறிவிக்கப்படும். பழைய தொகுப்பு உடையோர் பதிவுக்கோப்பைத் திறந்து ‘மிஸ்ஸிங்’ என்னும் சொல்லைத் தேடுக. அரபுப் பகுதிகளை அரபித் துறை ஆசிரியர் ஒருவர் கணிப்பொறித் திரையில் அன்றி அச்சுத்தாளில் வாசித்து ஒப்பமிடுதல் வேண்டும். அதற்குப் பின் எழுத்துருவையோ துணைத்தொகுப்பையோ மாற்ற நேர்ந்தால், அத்தாள்களை மறுபடியும் எடுத்து அவரிடமே வாசிக்கக் கொடுக்க வேண்டும்.