தூளும் துளையும்

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று திரும்பும் பிள்ளைகள் பலர் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். தானா ராத்தாவில் நீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கிப் பையில் வைத்த நெகிழிப் புட்டி, பேருந்து தாப்பாவை வந்தடையும்போது ஒடுங்கிப் போயிருக்கும். அதன்மேல் யாரும் உட்காரவில்லை. எவரும் அதைக் கசக்கவும் இல்லை.

அதை நசுக்கியது காற்றுதான். தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் படிகளாய் விரிந்து கிடக்கும் அம்மலைப்பகுதி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மேலே மூடப்பட்ட புட்டிக்குள் அந்த மென்மையான காற்றே அடைபட்டிருக்கிறது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. அது மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே அளவில் அழுத்துகிறது. மூடியைத் திறந்து வைத்திருந்தால் புட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளிக்காற்று உள்ளேயும் புகுந்து, இரு பக்கத்து அழுத்தமும் சமமாகியிருக்கும். இந்த மூடி விவகாரம் சிறியதாகத் தோன்றினாலும், பின்னால் மிகவும் தேவைப்படும்.

இதே எளிய உண்மையைக் கொண்டு உலோகத் தூளைக் கெட்டியான இயந்திரப் பாகமாக மாற்றும் முறை ஒன்று உள்ளது. அதனை வெப்பச் சம அழுத்த முறை எனலாம். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள பேட்டெல் ஆய்வு நிறுவனத்தில் இது உருவானது. அணு உலை எரிபொருளின்மேல் உலோக உறையை இடைவெளியின்றி ஒட்டவைப்பதே அப்போதைய நோக்கம். தூளை இறுக்கும் வேலைக்கு அது பிறகே பயன்பட்டது.

முதலில் தூள் வேண்டும். உலோகத்தை உருக்கி, மெல்லிய தாரையாக ஒழுகவிட்டு, அதன்மீது வளிமத்தை வேகமாகப் பீய்ச்சுவார்கள். தாரை சிதறிச் சிறு துளிகளாகி, விழும் வழியிலேயே உறைந்து, நுண்ணிய உருண்டைகளாகும். அத்தூளை, செய்யவேண்டிய பாகத்தின் வடிவத்திலேயே, ஆனால் சற்றுப் பெரிதாக அமைத்த எஃகுக் கலத்தில் நிரப்புவார்கள். எவ்வளவு குலுக்கி நிரப்பினாலும் கலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாகவே இருக்கும். உருண்டைகளை அடுக்கினால் இடுக்குகள் இல்லாமலா போகும்? பின்னர் உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்து, கலத்தின் வாயைப் பற்றவைத்து மூடுவார்கள். மூடி இறுக்கிய புட்டி இப்போது தயார்.

அக்கலத்தைத் தடித்த சுவருடைய அழுத்த உலைக்குள் வைத்து, ஆர்கன் வளிமத்தைச் செலுத்துகிறார்கள். ஆர்கன் வேறு எதனுடனும் எளிதில் சேராது. ஆகவே உலோகத்தைக் கெடுக்காது. அழுத்தம் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு. கடலின் மிக ஆழமான பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுத்தத்திற்கு ஏறத்தாழ இணையானது. நிக்கல் கலப்புலோகமானால் வெப்பநிலை 1,100 பாகை செல்சியசுக்கு மேல் செல்லும். எனினும் உலோகம் உருகுவதில்லை. மெழுகைப் போல இளகுகிறது. சில மணி நேரத்தில் தூள்மணிகள் ஒன்றோடொன்று அழுந்தி, தொடும் இடங்களில் ஒட்டி, இடுக்குகள் மறைந்து, ஒரே திண்மமாகின்றன. கலமோ எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கிவிடும். பிறகு கலத்தைக் கடைந்து நீக்கிப் பாகத்தை எடுப்பார்கள்.

அச்சில் தூளைப் போட்டு மேலிருந்து அழுத்தினால் போதாதா? புட்டுக் குழலில் மாவை மேலிருந்து அமுக்கிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். மேற்பகுதி இறுகும், அடிப்பகுதி உதிரியாகவே இருக்கும். உலோகத் தூளிலும் அச்சுச் சுவரின் உராய்வு அழுத்தத்தைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிறது.

அதற்காக அச்சில் அழுத்தும் முறையைக் குறைத்து மதிப்பிடலாகாது. சிறிய பாகங்களை மலிவாகவும் ஏராளமாகவும் செய்ய அதுவே ஏற்றது. தமிழ்நாட்டின் ஓசூரில் சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனம் வாகனங்களுக்கான தூள் உலோகப் பாகங்களைத் தயாரிக்கிறது. இவ்வகையில் மிகச் சுவையானது வெண்கலப் புஷ். மேசை மின்விசிறி போன்றவற்றின் சிறு மோட்டார்களில் அது இருக்கும். அதன் உடலெங்கும் நுண்துளைகள் வேண்டுமென்றே விடப்படுகின்றன; அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து வரும். ஆறியதும் மீண்டும் துளைக்குள் சென்றுவிடும். அங்கே துளைதான் உயிர்.

விமான எஞ்சினிலுள்ள சுழலி வட்டில் அதே துளை எமன். நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை கடும் வெப்பத்தில் சுழலும் அவ்வட்டில், கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்துகூட விரிசல் தொடங்கலாம். ஆகவே ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பாதுகாப்புத் துறையின் உலோகவியல் ஆய்வுக்கூடம், இன்கொனல் 718 என்னும் நிக்கல் கலப்புலோகத் தூளை இம்முறையில் இறுக்கி விரிவாக ஆராய்ந்துள்ளது. வார்த்தெடுத்த செயற்கை இடுப்பு மூட்டுகளும் இதே உலைக்குள் செல்வதுண்டு. வார்ப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் துளைகள் மூடிக்கொள்ளும். ஆனால் மேற்பரப்புவரை திறந்த துளை மூடாது. மூடி திறந்த புட்டியைப் போல, அதனுள்ளும் ஆர்கன் புகுந்துவிடுகிறதே!

இம்முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 1980 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் பங்கேற்ற எஃப்-18 போர் விமானம் ஒன்று, எஞ்சினின் சுழலி வட்டு உடைந்ததால் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இருவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினர். அவ்வட்டு தூளிலிருந்து வெப்பச் சம அழுத்த முறையால் செய்யப்பட்டது. அழுத்தம் வெற்றிடத்தை மூடும். தூளோடு கலந்துவிட்ட தூசியை வெளியேற்றாது. உருக்கும் பாண்டத்திலிருந்து உதிர்ந்த ஒரு பீங்கான் துணுக்கு உள்ளே இருந்தால், அது அங்கேயே பத்திரமாகப் புதைந்து கிடக்கும்.

போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் ஆலைக்குச் செல்பவர்கள், உலர்ந்த தேயிலை சல்லடைகளில் அசைந்து தரம் பிரிவதைக் காணலாம். அங்கே பருமனான இலை ஒரு தரம், தூள் மற்றொரு தரம். இரண்டுக்கும் விலை உண்டு. வட்டு செய்பவர்களும் தங்கள் தூளைச் சலிக்கிறார்கள். 53 மைக்ரோமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள சல்லடை என்றால், அதைவிடத் தடித்த தூசியும் உள்ளே நுழைய முடியாது. நல்ல உலோகத்திலும் கணிசமான பகுதி சல்லடையின் மேலேயே தங்கிவிடும். அதன் விலையைப் பார்த்து யாரும் அதை வட்டில் சேர்ப்பதில்லை. இறுக்கிய கட்டியை மேலும் பிதுக்கி, அடித்து உருவாக்கிய பின், மீயொலி அலையைச் செலுத்தி வட்டின் உட்பகுதியை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள்.