தந்தை என்று சொல்ல நா வராத பேத்திக்கு

முள்ளியவளை,
முல்லைத்தீவு.

அன்பு மகள்,

அம்மப்பா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். அம்மா தையல் வேலையோடு ஓடித் திரிகிறா. பம்பைமடு வளாகத்தில் விடுதியும் வகுப்பும் உனக்குப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டை மட்டும் பிந்தவிடாதே.

நீ கேட்டிருந்த கேள்வியைப் போனில் அவசரமாகக் கதைத்து முடிக்க மனம் வரவில்லை. பூசையில் எல்லாச் செபமும் சொல்ல வருகிறது, கர்த்தர் கற்பித்த செபத்தில் தந்தையே என்ற சொல் வரும்போது மட்டும் நா எழும்புதில்லை என்று எழுதியிருந்தாய். அப்பாவின் முகமே படத்தில் பார்த்ததுதான், அப்படியிருக்கக் கடவுளை எந்த அப்பாவைப்போல் நினைக்கிறது என்றும் கேட்டிருந்தாய். 2009 மே மாதம் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் வெளியேறிய சனத்துக்குள் அவர் எங்களைவிட்டுப் பிரிந்தபோது உனக்கு மூன்று வயது. உன் அம்மாவின் தோளில் நித்திரையாக இருந்தாய். ஆகவே இந்தக் கேள்வி உன் வாயிலிருந்து வருவது நியாயம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உன் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே கேள்வியை வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நீ கேட்டுவிட்டாய். அதற்காகவே உன்னை மெச்சுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தச் சொல் வராததைப் பாவம் என்று நினைத்துப் பயப்படாதே. யேசு எப்போதும் தந்தையை அழைத்தே செபித்தவர். கெத்சமனித் தோட்டத்தில் இரத்தமாக வியர்த்தபோதும் அப்படியே அழைத்தார். ஆனால் சிலுவையில் எல்லாரும் கைவிட்ட அந்த நேரத்தில் அவர் எழுப்பிய கூக்குரலை மத்தேயுவிலும் மாற்குவிலும் எடுத்துப் பார். அங்கே அவர் தந்தை என்று கூப்பிடவில்லை. பழைய திருப்பாடல் ஒன்றின் வார்த்தையால் ஏன் கைவிட்டீர் என்று கடவுளைத்தான் கேட்கிறார். கடைசி மூச்சில் தந்தையின் கையில் தன்னை ஒப்படைத்ததை லூக்கா சொல்கிறார். இரண்டும் ஒரே சிலுவையில் நடந்தவை. அவருக்கே அப்படி ஒரு நேரம் இருந்ததென்றால் உனக்கும் இருக்கலாம். அந்தச் சொல்லில் நீ மௌனமாக நின்று, மிச்சச் செபத்தை மற்றவர்களோடு சேர்ந்து சொல்லு. உனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் அதை உனக்காகவும் சொல்லுகிறார்கள். திருச்சபை என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

அடுத்தது, கடவுளை அளக்க மனித அப்பாவை எடுக்காதே. குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவோடு வளர்ந்த பிள்ளையும் உன்னைப்போலவே அந்தச் சொல்லில் தடக்குப்படும். நல்ல அப்பாவைப் பெற்ற பிள்ளைகூட, அவர் வாங்கித் தராததைக் கடவுளும் தரமாட்டார் என்று குறுக்கிவிடும். தந்தை எப்படிப்பட்டவர் என்று யேசு காட்டினாரோ அங்கிருந்து தொடங்கு. அவர் காட்டியது மூன்று காரியம்: தந்தை காத்திருப்பார், தேடுவார், கூட இருப்பார். இந்த மூன்றையும் விளங்க வன்னிப் பிள்ளைக்குப் பெரிய வியாக்கியானம் தேவையில்லை. நம் கண்முன்னே நடந்தவை இவை.

காத்திருக்கிறதைப் பார். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் ஊதாரி மகனின் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே கண்டுவிடுகிறார். தூரத்தில் வருகிறவனைக் காண வேண்டுமென்றால் நாள்தோறும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். சில நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. நான் அங்கே போனபோது ஒரு தாய், மகனின் படத்தை மடியில் வைத்து, தெருப்புழுதி படியப் படியச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தா. பொலித்தீன் உறை போட்ட படம். துடைத்துத் துடைத்து உறை மங்கிப்போயிருந்தது. அங்கே இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். கடவுளின் அன்பு எப்படி என்று என்னைக் கேட்டால் அந்தக் கொட்டிலைக் காட்டுவேன். பிள்ளை வராவிட்டாலும் தெருவைவிட்டு எழும்பாத அன்பு அது. உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணும் அப்படித்தான்.

தேடுகிறதைப் பார். யேசு சொன்ன உவமையில் நூறு ஆட்டில் ஒன்று குறைந்தது என்று தெரிய வேண்டுமென்றால் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அப்படியே 2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த மக்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். எடுத்தது அரச அலுவலகங்களும் ஐ.நா.வும் கொடுத்த எண்களைத்தான். ஆனால் அந்த ஒவ்வொரு எண்ணும் அவருக்கு ஒரு பிள்ளை. 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் இறைவனடி சேரும்வரைக்கும் அந்தக் கேள்வியை விடவில்லை. வேதாகமத்தில் மனிதரிடம் கடவுள் கேட்கிற முதல் கேள்வியே ஆதாமை எங்கே என்று தேடுகிற கேள்விதான். பிறகு ஆபேலை எங்கே என்றும் கேட்கிறார். உன் அப்பா அந்த 1,46,679க்குள் ஒருவர், மகள். உலகம் அந்தக் கணக்கை மூடிவைத்தாலும், தந்தையின் புத்தகத்தில் அவர் பெயரோடு இருக்கிறார்.

கூட இருக்கிறதைப் பார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்திய பிறகு நம் முன்னோர் ஏறக்குறைய முப்பது வருடம் குருவில்லாமல் இருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை எடுத்து, அந்த மாலையைக் கண்டு முகம் மாறுகிறவர்களை வைத்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது சொந்தக்காரரே நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் கொட்டில் போட்டுக் கொடுத்து, கஞ்சி பருக்கி, புண்ணைக் கழுவினார். எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே இறந்தார். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தோளில் தூக்கிக் காட்டக் கேட்டாய், ஒன்பது வயதுப் பிள்ளை.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. உருத்திரபுரத்தின் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் கிளிநொச்சியைவிட்டுச் சனத்தோடு வெளிக்கிட்டு, இடம் இடமாக நகர்ந்து, கடைசி வரைக்கும் சனத்தோடேயே நின்றார். 2009 மே 18ஆம் திகதி அந்த மக்களோடு வெளியேறும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வயது 41. பிள்ளை குட்டி இல்லாத அந்த மனிதரைச் சனம் பாதர் என்று கூப்பிட்டதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று யோசித்துப் பார்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லுகிறேன். செட்டிகுளம் மெனிக்பாமில் நம் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஐயா இருந்தார். சைவர். மாத்தளனில் தன் பேரப்பிள்ளையை இழந்தவர். தண்ணீர் வரிசையில் அம்மா வாளியோடு மணிக்கணக்காக நிற்கும்போது உன்னைத் தோளில் வைத்து நடந்து திரிவார். நிவாரணத்தில் கிடைத்த அங்கர் பால்மாப் பைக்கற்றைத் தான் தொடாமல் உனக்கென்று மடித்து வைப்பார். அப்பா இல்லாமல் வளர்ந்தேன் என்று நீ சொல்லுவது சரி. தகப்பன் அன்பு இல்லாமல் வளரவில்லை. தந்தை தன் கையை யார் யாருடைய உடம்பிலோ வைத்து உன்னைத் தூக்கியிருக்கிறார்.

அப்படியென்றால் அப்பாவை ஏன் காக்கவில்லை என்று நீ கேட்பாய். 1999 நவம்பர் 20இல் மடுக்கோயில் வளவில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மடுமாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டி வந்தது. அதனால் அடைக்கலம் புகுந்தவருக்கு ஒன்றும் நடக்காது என்று நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடவுள் சோதிக்கிறார், கடவுள் எடுத்துக்கொண்டார், உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று யாராவது விளக்கம் சொன்னால் அதைக் காதில் போடாதே. மனிதர் செய்ததை மனிதர்தான் ஏற்க வேண்டும், கடவுள்மேல் சுமத்தக்கூடாது. தன் மகன் கொல்லப்பட்டதைப் பார்த்த தந்தை அவர். நம் பக்கத்தில் நின்று அழுகிறவர்.

இனி, இப்படிப்பட்ட தந்தையின் பிள்ளையாகக் கனி தருகிற காரியம். யேசு தன்னைத் திராட்சைக்கொடி என்றும் நம்மைக் கிளைகள் என்றும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் திராட்சைத் தோட்டத்தில் பார்த்திருப்பாய். பழம் பிடுங்கி முடிந்ததும் கிளைகளைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள். பந்தல் மொட்டையாகிக் கிடக்கும். பார்க்கிறவனுக்குக் கொடி பட்டுப்போனது போலத்தான் தெரியும். பிறகு புதுத்தளிர் வரும், அந்தப் புதுத்தளிரில்தான் பூவும் குலையும் பிடிக்கும். ஆனால் வெட்டுகிறதைவிட யேசு அழுத்திச் சொன்னது வேறு. கிளை செய்ய வேண்டிய ஒரே வேலை கொடியில் ஒட்டியிருப்பது. பழம் காய்க்க வேண்டும் என்று கிளை அந்தரப்படுவதில்லை. சாறு கொடியிலிருந்து வரும்.

ஒட்டியிருப்பது என்றால் உன் நாளில் என்ன என்று சொல்லுகிறேன். காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் திருப்பாடல் ஒன்றை வாசி. திருப்பாடல்களில் நிறைய முறைப்பாடு இருக்கிறது, உன் மனதுக்கு ஒத்து வரும். ஞாயிறு பூசையைப் படிப்புக்காக விடாதே. செபித்தால் விசா வரும், கடன் தீரும் என்று கூட்டம் கூட்டுகிறவர்களிடம் போகாதே. தந்தையிடம் பேரம் பேசுகிற பிள்ளை இன்னும் அவரை முதலாளி என்றுதான் நினைக்கிறது.

பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் தூய ஆவியின் ஒன்பது கனிகளைச் சொல்லுகிறார். எண்ணிப் பார், பெரும்பாலானவை பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால்தான் பழுக்கும். தனியறையில் பொறுமை காட்ட ஏலாது. உன் விடுதியில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாய். அவர்களைக் காணும்போது மனம் இறுகுகிறது என்றும் எழுதியிருந்தாய். நடந்ததை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உண்மையையும் நீதியையும் கேட்பதை நிறுத்தாதே, ஆயர் ஆண்டகை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை உன் அப்பாவைக் கொண்டுபோகவில்லை. மடுவில் ஆவணித் திருவிழாவில் அவளுடைய அம்மாவும் உன்னுடைய அம்மாவும் ஒரே மண்ணில் முழங்காலில் நிற்கிறார்கள். ஒரு நாள் அவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. அவள் கேட்டால் உன் அப்பாவின் கதையைச் சொல்லு. கோபமில்லாமல் சொல்லு, குறைக்காமலும் சொல்லு.

அம்மாவிடமும் கொஞ்சம் கனி காட்டு. பதினாறு வருடமாக இரண்டு பேரின் வேலையை ஒருத்தியாகச் செய்கிறா. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற காலத்திலும் உன் படிப்பை நிறுத்தவில்லை. நீ ஞாயிறு பின்னேரம் எடுக்கிற போனில் பத்து நிமிடம் கூடக் கதைத்தால் அவவுக்குக் கிழமை முழுதும் போதும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், அதைச் செய். இறம்பைக்குளம் அந்தோனியார் கோயிலிலோ, வளாகத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலோ தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்றாவது இருக்கும். கிழமையில் ஒரு மணித்தியாலம் அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடு. வராத நாளில் ஏன் வரவில்லை என்று தேடிப் போ. அந்தப் பிள்ளையின் தலையில் கை வைக்கிறபோது, உனக்கு இவ்வளவு நாளும் சொல்ல வராத சொல்லின் பொருள் உன் கையிலேயே விளங்கும். அதன்பிறகு நா எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லுகிறதைவிடச் செய்கிறதைத்தான் தந்தை முதலில் பார்க்கிறார்.

அன்புடனும் ஆசீரோடும்,
அம்மப்பா